நாலு மணி வகுப்பின் ரிலீவர்

பென்னலூர்,
13.4.2025, ஞாயிறு

அன்பு மகள் ரஞ்சனிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம், அங்கே அயர்லாந்து குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் என்று படுக்காமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய், சிரித்துக்கொள். பேப்பரில் எழுதி அப்பாவை விட்டுப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன், பக்கம் முன்னே பின்னே வந்தால் மேலே நம்பர் போட்டிருக்கிறேன், பார்த்துப் படி. போன வாரம் நீ போனில், அம்மா எனக்கு ஆன்லைன் டியூட்டர் வேலை கிடைச்சிடுச்சு, வர்ற புதன்கிழமை முதல் கிளாஸ், இருபத்திரண்டு பேரு, நீதான் அஞ்சு வருஷமா பண்றியே, இதுக்கு முக்கியமா இன்னா தெரிஞ்சிருக்கணும் சொல்லு என்று கேட்டாய். குக்கர் விசில் வருது அப்புறம் பேசறேன் என்று நான் வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. அழுகை வந்துவிட்டது, அதுதான் உண்மை. நேரில் சொல்லவும் போனில் சொல்லவும் என்னால் ஆகாது, அதனால் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் வீட்டு விஷயம். அப்பா ரிட்டயர் ஆகிப் பத்து மாதம் ஆகிறது, இன்னும் ஏ ஷிப்ட் பஸ் வாசலில் வந்து நிற்கிற மாதிரி விடியற்காலை நாலரைக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். டீயும் போட்டுவிடுகிறார், சர்க்கரைதான் அவர் கைக்கு அடங்க மாட்டேன் என்கிறது. முழங்கால் வலி இருவருக்கும் பொது, தைலமும் பொது. போர் மோட்டாரில் காயில் எரிந்து இரண்டு நாள் தண்ணீருக்குத் திண்டாடி, நேற்றுதான் சரியாயிற்று. ஹைவேயில் பால வேலை நடப்பதால் வெள்ளைத் துணி எதையும் மொட்டை மாடியில் காயப்போட முடியவில்லை, உன் அப்பா வேட்டியெல்லாம் செம்மண் கலரில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கோமதியம்மாள் மாடியில் இன்னொரு ரூம் எழுப்பி ஒடிசாப் பையன்கள் எட்டுப் பேருக்கு விட்டிருக்கிறாள், பாவம் நல்ல பிள்ளைகள், செருப்பைக்கூட வரிசையாகத்தான் விடுகிறார்கள். நாளைக்கு வருஷப் பிறப்பு. மாங்காய் வாங்கி வைத்திருக்கிறேன், வேப்பம்பூ கோமதியம்மாள் தருவாள். பச்சடி செய்யத்தான் வேண்டும், மனசு இல்லாமல் செய்வேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் ஃபாக்டரிப் பெண்களுக்கு எடுக்கிற வகுப்பைப் பற்றி உனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். ப்ளஸ் டூ முடித்து ட்ரெய்னியாக வந்த பெண்களுக்கு எட்டு மாத எலக்ட்ரிகல் படிப்பு, எல்லாம் போனில்தான். முடித்தால் டெக்னீஷியனாக வைத்துக்கொள்வார்கள், முடிக்காவிட்டால் ட்ரெய்னிங் காலம் தீர்ந்த அன்றைக்கு ஐடி கார்டை வாங்கிக்கொண்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். தினமும் நாலு மணிக்கு வகுப்பு, ஏ ஷிப்ட் இரண்டரைக்கு விடுகிறது, அந்தப் பெண்கள் ஹாஸ்டலுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு உட்கார அதுதான் தோது. ஆரம்பத்தில் நாற்பது பேர். கேமரா போடக் கூடாது, டேட்டா தீர்ந்துவிடும், பிள்ளைகள் ஹாஸ்டலில் நைட்டியோடு இருப்பார்கள் என்று எங்கள் கோ-ஆர்டினேட்டர் சக்திகுமார் முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் என் முகம் அவர்களுக்குத் தெரியும், அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. பெயரும் குரலும்தான். அதில் ஒரு பெயர் செந்தாமரை, கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பெண், படத்துக்கு ஒரு பூனைக்குட்டியை வைத்திருப்பாள். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்று மாதமும் மைக்கைப் போட்டு அவள் கேட்காத கேள்வி இல்லை. ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் இருந்து, மேடம் இத்த முடிச்சே ஆவணும், இல்லன்னா மார்ச்சோட வூட்டுக்கு அனுப்பிடுவாங்க, வூட்ல மாமா பையனுக்குப் பேசி வச்சிக்கீறாங்க, எனக்கு வேணாம் மேடம் என்று சொன்னாள். நான் முடிக்க வைக்கிறேன் போ என்றேன். சொன்னேன் ரஞ்சனி, வாயால் சொன்னேன்.

நவம்பரில் இரண்டு காரியம் ஒன்றாக நடந்தது. ஆள் பற்றவில்லை என்று இன்னொரு பேட்சையும் என் தலையில் கட்டி தொண்ணூறு பேர் ஆக்கிவிட்டார்கள், இரைச்சல் தாங்காது என்று எல்லா மைக்கையும் மூடச் சொல்லி, பதிலை சாட்டில் எழுதினால் போதும் என்று ஆயிற்று. அதே வாரத்தில் செந்தாமரையிடமிருந்து ஒரு மெசேஜ். புது லைனுக்கு என்னை பி ஷிப்ட்டுக்கு மாத்திட்டாங்க மேடம், இரண்டரையிலிருந்து பதினோரு மணி வரைக்கும் டூட்டி, போனையும் கம்பெனி கேட்டாண்ட வாங்கி வச்சிக்கிறாங்க, நாலு மணி கிளாஸுக்கு இன்னா பண்றது மேடம் என்று. நான் அன்றைக்குத் தொண்ணூறு பேருடைய அட்டெண்டன்ஸை ஏற்றிக்கொண்டிருந்தேன். எப்படியாவது அட்ஜஸ்ட் பண்ணி வாம்மா, எழுபத்தஞ்சு பர்சென்ட்டுக்குக் கீழ போனா என் கையில ஒண்ணும் இல்ல என்று எழுதி அனுப்பினேன். இரண்டு கை கும்பிட்ட படம் ஒன்று பதிலுக்கு வந்தது. மறுநாள் நாலு மணிக்குப் பூனைக்குட்டி வந்துவிட்டது. அதற்கு அடுத்த நாளும். ஒருநாள் தவறாமல் மார்ச் வரைக்கும் வந்தது. ஷிப்ட்டை மாற்றிக்கொண்டாள் போலிருக்கிறது, சமர்த்து என்று நான் நினைத்துக்கொண்டேனே தவிர, எப்படிம்மா சமாளிச்சே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் அம்மாவுக்கு வாய் நீளம், காது குட்டை என்று அப்பா சும்மா சொல்லவில்லை.

அதிலும் அவள் பதில்கள் முன்னைவிட நன்றாக வந்தன, அதுதான் என்னை மயக்கிவிட்டது. ஒரே அளவு ரெசிஸ்டன்ஸ் மூன்றைப் பேரலலில் இணைத்தால் மொத்தத் தடை ஏன் குறைகிறது என்று ஒருநாள் கேட்டேன். புத்தகத்தில் இருக்கிற ஃபார்முலாவைத்தான் எல்லாரும் அடித்து அனுப்பினார்கள். செந்தாமரை பெயரில் மட்டும் வேறு மாதிரி வந்தது. மேடம் எங்க ஹாஸ்டல்ல ஒரு பாத்ரூம்ல மட்டும் தண்ணி வந்தா நாப்பது பேரும் ஒரே வரிசை, மூணுலயும் வந்தா பாத்ரூம் சைஸ் ஒண்ணும் பெருசாவல, ஆனா எல்லாரும் பஸ்ஸைப் புடிச்சிடுவோம், வழி ஜாஸ்தியானா தடை கம்மி என்று. இருபத்தெட்டு வருஷம் வாத்தியார் வேலை பார்த்த எனக்கு இப்படி ஒரு உதாரணம் தோன்றியதில்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அப்பாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இந்தப் பெண் எங்கேயோ போகப் போகிறாள் என்றேன்.

மார்ச் பதினைந்து சனிக்கிழமை காலையில் வைவா. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் ஒருவர் ஆன்லைனில் கேள்வி கேட்பார், நான் கூட இருக்கலாம். ஹாஸ்டல் நெட்வொர்க்கில் படம் ஓடவில்லை, குரல் மட்டும்தான். செந்தாமரை முறை வந்தது. அதே குரல்தான், நான் அறிந்த குரல், கொஞ்சம் அசந்து போயிருந்தது. அவர் பேரலல் கனெக்‌ஷனைக் கேட்டார். பதில் இல்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்து நான் உள்ளே புகுந்து, அந்தப் பாத்ரூம் உதாரணத்தைச் சாருக்குச் சொல்லும்மா என்றேன். எந்த பாத்ரூம் மேடம் என்று கேட்டாள். அவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் நம்பருக்கு அடித்தேன், வேறொரு பெண் எடுத்தாள். சத்யப்பிரியா, ஒரே ரூம், ஏ ஷிப்ட். செந்தாமரை டூட்டிக்குப் போயிருக்கிறாள், போன் எப்போதும் என்னிடம்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, நான் அதட்டியதும் எல்லாவற்றையும் சொன்னாள். நவம்பரிலிருந்து நாலு மணிக்கு உட்கார்ந்தது இவள்தான். பத்தாவதுதான் படித்திருக்கிறாள், அதனால் படிப்பில் சேர இவளுக்குத் தகுதி இல்லை. தினமும் வகுப்பைக் கேட்டு, பதிலை எழுதி, நோட்டிலும் எழுதி வைப்பாளாம், பி ஷிப்ட் முடித்து வந்து செந்தாமரை படிப்பாளாம், பாதிப் பக்கத்திலேயே நோட்டு மேல் தலை சாய்ந்துவிடுமாம். ஏம்மா இப்படி ஏமாத்தினீங்க என்று கத்தினேன். ஏமாத்தல மேடம், லைன்ல ஆள் எழுந்து போனா ரிலீவர் நிக்கறதில்லையா, நீங்கதான எப்டியாவது வரச் சொன்னீங்க, அதான் நான் நின்னேன் என்றாள். அவள் குரலில் தப்புச் செய்த பயம் இல்லை. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

பதறாத காரியம் சிதறாது என்று நூறு பிள்ளைகளுக்கு இம்போசிஷன் கொடுத்தவள் நான். போனை வைத்த கையோடு சக்திகுமாருக்கு மெயில் எழுதினேன். இந்த மாணவி நான்கு மாதமாக ஆள்மாறாட்டம் செய்திருக்கிறாள் என்று எழுதினேன். என் மேல் பழி வந்துவிடக் கூடாது என்ற பயமும் அதில் இருந்தது, உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது. அப்பா கடைக்குப் போயிருந்தார். வந்ததும் பெருமையாகப் படித்துக் காட்டினேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். இன்னா லீலா இப்டி எழுதி வச்சிக்கீற என்றார். இருபத்தாறு வருஷம் லைன்ல நின்னவன் சொல்றேன் கேளு, ஒருத்தி பாத்ரூம் போனா, காய்ச்சல்ல சுருண்டா, பக்கத்துல இருக்கிறவ வந்து நிப்பா, பெல்ட்டு நிக்கக் கூடாது, அவ செஞ்சதும் எழுந்து போனவ பேர்லதான் ஏறும், அது திருட்டு இல்ல, அது கூட நிக்கறது, இந்தப் புள்ளைங்களுக்கு அதத்தான நாம கத்துக் குடுத்தோம், நீ போய் ஆள்மாறாட்டம்னு போட்டா அவன் இன்னா பண்ணுவான் என்றார். படிப்புக்கு ரிலீவர் கிடையாது என்று நான் வாதாடினேன். அது அவளுக்கு எப்டித் தெரியும், அத சொல்லிக் குடுக்கத்தான நீ இருக்கிற என்றார்.

ரஞ்சனி, வைவாவில் தவறியவர்களுக்குப் பதினைந்து நாளில் இன்னொரு வைவா உண்டு. நான் அந்த மெயிலை அனுப்பாமல் இருந்திருந்தால் அவளும் அதற்கு உட்கார்ந்திருப்பாள். பி ஷிப்ட் பெண்ணுக்குக் காலை நேரம் முழுக்கச் சும்மாதான் இருக்கும், எனக்கும் காலையில் வேலை கிடையாது. பென்னலூருக்கும் வல்லம் வடகாலில் இருக்கிற அவள் ஹாஸ்டலுக்கும் நடுவே மிஞ்சிப் போனால் பத்துக் கிலோமீட்டர். நவம்பரிலேயே காலையில் ஒரு மணி நேரம் வாம்மா என்று சொல்லியிருக்கலாம், வகுப்பைப் பதிவு செய்து அனுப்பியிருக்கலாம், ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்தப் பதினைந்து நாளாவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கலாம். அப்பா சொன்ன பிறகுதான் இதெல்லாம் எனக்குத் தோன்றியது. அன்றிரவே தப்பு என்னுடையது, நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று இரண்டாவது மெயில் போட்டேன். திங்கட்கிழமை சக்திகுமார் போன் செய்து, மேடம் முதல் மெயிலையே கம்பெனிக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டேன், நீங்க போட்ட வார்த்தைக்கு அவங்க வேற ஒண்ணும் பண்ண முடியாது என்றார். படிப்பிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். மார்ச் முப்பத்தொன்றோடு ட்ரெய்னிங்கும் தீர்ந்தது.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். எழுதுகிற பலகை, கலர் கலராக ஸ்லைடு, நல்ல மைக், இதெல்லாம் ஒரு வாரத்தில் உனக்குப் பிடிபட்டுவிடும், அதைப் பற்றிக் கவலைப்படாதே. கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திரு, மனசுக்குள் பத்து வரை எண்ணு, நாமே பதிலைச் சொல்லிவிடுகிற வியாதி நம் குடும்பத்துக்கே உண்டு. வராதவனைத் தேடுகிற மாதிரியே ஒருநாள் தவறாமல் வருகிறவனையும் தேடு. நன்றாக எழுதுகிற பிள்ளையைப் பாராட்டிவிட்டு அதோடு விட்டுவிடாதே, அதை வாயால் இன்னொரு தரம் சொல்லச் சொல். யார் எந்த நேரத்தில் வேலைக்குப் போகிறார்கள், யார் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு வந்து உட்காருகிறார்கள் என்று பாடத்துக்கு முன்னால் கேட்டு எழுதி வைத்துக்கொள். ஒரு பிள்ளை முடியவில்லை என்று எழுதினால் எப்படியாவது என்ற வார்த்தையை மட்டும் பதிலாக அனுப்பிவிடாதே. எதிரில் இருந்தால் முகத்தைப் பார்த்தே முக்கால்வாசி தெரிந்துவிடும், நம் வேலையில் அந்த முக்கால்வாசியையும் வாய்விட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த பேட்ச்சுக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாற்பது பேருக்கு மேல் ஏற்ற மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு பேச மட்டும் வேண்டும் என்று எழுதிப் போட்டேன், இன்னும் பதில் இல்லை.

இன்னொன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அப்பா இதைப் போட்டோ எடுக்கும்போது படிப்பார், படிக்கட்டும், அவரிடமும் நான் முழுசாகச் சொல்லவில்லை. வைவாவுக்குப் பிறகு செந்தாமரை என் போனை எடுக்கவே இல்லை. முப்பத்தொன்றாம் தேதி மனசு கேட்காமல் அப்பா வண்டியில் ஏறி வல்லம் வடகால் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், வேறு இடத்தில் சேர்ந்து படி, தினமும் நான் வந்து சொல்லித் தருகிறேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அப்பா ரோட்டோரம் டீக்கடையில் நின்றுவிட்டார். ஹாஸ்டல் கேட்டில் யாரும் இல்லை, ஒரு பெண் மட்டும் புழுதிக்குத் துப்பட்டாவை முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கையில் பெரிய பையோடு நின்றிருந்தாள். ஏம்மா, செந்தாமரைன்னு ஒரு பொண்ணு, எந்த ரூம் தெரியுமா என்று கேட்டேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டி மாடியைக் காட்டி, மூணு விரலை விரித்தாள். மூணாவது மாடியா என்றேன், தலையை ஆட்டினாள். நல்லா இரும்மா என்று சொல்லிவிட்டு இந்த முழங்காலை வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினேன்.

ரூமில் சத்யப்பிரியா இருந்தாள், பக்கத்துக் கட்டில் வெறும் பலகையாகக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, கையில் இருந்த தன் போனை நீட்டினாள். செந்தாமரையிடமிருந்து அப்போதுதான் வந்த மெசேஜ். கேட்டாண்ட மேடம் வந்து என்னையே என் ரூம் எதுன்னு கேக்கறாங்கடி, மேல அனுப்பிட்டு நான் பஸ் ஏறிட்டேன், தண்ணி குடு, பாவம் மூச்சு வாங்கும் என்று இருந்தது. நான் இறங்கி வந்தபோது கேட்டில் யாரும் இல்லை. சத்யப்பிரியா பின்னாலேயே தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள், வாங்கிக் குடித்தேன். வைகாசியில் கல்யாணம் என்று அவள்தான் சொன்னாள். செந்தாமரைக்கு நான் அன்றைக்கு அனுப்பிய மெசேஜ் இன்னும் ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

அழாதே கண்ணு, உன்னை அழவைக்க எழுதவில்லை. உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிறக்கப் போகும் வருஷம் எல்லா நலமும் தரட்டும், உன் வகுப்பும் உன் பிள்ளைகளும் நன்றாக வரட்டும் என்று நானும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். வயிற்றைக் காயப்போட்டு வேலை பார்க்காதே. புதன்கிழமை முதல் நாள் பாடம் நடத்த வேண்டாம், அது எங்கேயும் போய்விடாது. அந்த இருபத்திரண்டு பேரையும் ஒரு தடவை கேமராவைப் போடச் சொல்லி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடு, நாளைக்கு எதிரில் வந்து நின்றால் உனக்கு அடையாளம் தெரிய வேண்டும்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
லீலா பாண்டுரங்கன்